முள்ளங்கியும் கொழுக்கட்டையும்

நாற்பத்தைந்து ஆண்டுகளாக மும்பையில் வாழ்ந்துவரும் நான், 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் முதன்முறையாக ஜப்பானுக்குச் சென்றேன். என் மகன் டோக்கியோ நகரில் பணிபுரிகிறான். 2019-இல் அவன் ஒரு ஜப்பானியப் பெண்ணை மணந்தபோது, "நம் வழக்கங்கள் அவனோடு முடிந்தன" என்று சொல்லித் திருமணத்திற்குப் போகாமலே இருந்துவிட்டேன். என் மனைவி மட்டும் சென்று வாழ்த்திவிட்டு வந்தாள். 2023-இல் அவள் மறைந்தாள். "ஒருமுறை போய் மருமகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்பதே அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டுக்கொண்டது.

நான் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் இரவு, "மாமா, நாளைக் காலை பிள்ளையாரைப் பார்த்துவிட்டுக் கியோட்டோ போகலாம்" என்றாள் மருமகள். அவள் மாமியார் தொலைபேசி வழியே கற்பித்த தமிழ் அது. மகனுக்கு விடுமுறை இல்லை. ஆகவே நாங்கள் இருவர் மட்டுமே புறப்பட்டோம்.

அசகுசா என்னும் பகுதியில், சுமிதா ஆற்றுக்கு அருகே, ஒரு சிறு குன்றின்மேல் இருக்கிறது மாட்சுச்சியாமா ஆலயம். ஆறரை மணிக்குப் படியேறினோம். அங்கே எழுந்தருளியிருப்பவரை ஷோதென் என்று அழைக்கிறார்கள். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் பௌத்த சமயத்தோடு சீனத்தின் வழியாக ஜப்பானுக்குக் குடிபோன நம் விநாயகரே அவர். திருவுருவத்தை எவருக்கும் காட்டுவதில்லை. மூடிய சன்னிதியைத்தான் வணங்க வேண்டும். ஷோதென் வழிபாட்டில், குருமார்கள் மறைவாக எண்ணெயால் திருமுழுக்காட்டுவதும் உண்டு என்று அறிந்தபோது, நம் ஊர்ப் பிள்ளையாரின் எண்ணெய்க் காப்பு என் நினைவுக்கு வந்தது.

ஆனால் படையலோ முள்ளங்கி! திரும்பிய இடமெல்லாம் பின்னிய இரட்டை முள்ளங்கியும் பணப்பையும் செதுக்கப்பட்டிருந்தன. முள்ளங்கி உடல்நலத்திற்கும் இல்லற ஒற்றுமைக்கும், பணப்பை வாணிபச் செழிப்புக்கும் அடையாளமாம். மருமகள் ஒரு முள்ளங்கி வாங்கிப் படைத்தாள். அருகம்புல்லும் கொழுக்கட்டையும் கண்ட எனக்கு அது விந்தையாகவே இருந்தது. கண்ணை மூடி நெற்றியில் குட்டிக்கொண்டேன். கண் திறந்து பார்த்தால், பக்கத்தில் அவளும் குட்டிக்கொண்டிருந்தாள்.

படைத்த முள்ளங்கிகளை அடியார்கள் பிரசாதமாக எடுத்துச் செல்லலாம். அவ்வாறு ஒன்றை அவள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். 1927-இல் தொடங்கிய பழைய சுரங்க ரயில் பாதையில் புறப்பட்டு, இடையில் வண்டி மாறி, டோக்கியோ நிலையத்தை அடைந்தோம். அங்கிருந்து அதிவேக ரயில். 1964 அக்டோபர் முதல் நாளன்று தொடங்கிய அந்தப் பாதையில் கியோட்டோவுக்கு இப்போது இரண்டேகால் மணி நேரமே ஆகிறது. குறித்த நொடியில் வண்டி நகர்ந்தது. முள்ளங்கி எங்கள் இருவருக்கும் நடுவே அமர்ந்து பிரயாணம் செய்தது.

புஜி மலை மேகத்தில் மறைந்திருந்தது. சாளரத்தில் பார்க்க ஒன்றுமில்லாத அந்த வேளையில், அவள் தன் பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தாள். என் மனைவி சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த சமையல் குறிப்புகள். கொழுக்கட்டைக்கு அரிசியை ஊறவைத்து உலர்த்தி இடிப்பது, கொதிக்கும் நீரில் மாவைக் கிளறுவது, தேங்காயும் வெல்லமும் சேர்த்துப் பூரணம் செய்வது எல்லாம் அதில் இருந்தன. கடைசி வரி: "சொப்பு செய்வதை நேரில் காட்டுகிறேன்."

"அதை நீங்கள் காட்டுங்கள், மாமா" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. நாற்பது சதுர்த்திகளுக்கு மேல் உண்டிருக்கிறேன். ஒருநாளும் அடுக்களையில் நின்று பார்த்ததில்லை. வழக்கம் அழிந்துவிடும் என்று ஒரு திருமணத்தைப் புறக்கணித்தவனுக்கு, அந்த வழக்கத்தில் ஒரு சொப்புக்கூடச் செய்யத் தெரியவில்லை! "எனக்குத் தெரியாது, அம்மா" என்று சொல்வதற்குள் என் குரல் கம்மிவிட்டது.

கியோட்டோவில் கியோன் என்னும் பகுதியிலுள்ள மிகப் பழைய தின்பண்டக் கடைக்கு அவள் என்னை அழைத்துச் சென்றாள். அங்கே 'கான்கிதான்' என்றொரு பண்டம். மோதகத்தின் வழிவந்தது, உள்ளே இனிப்பான சிவப்புப் பயற்றுப் பூரணம், மேலே எள்ளெண்ணெயில் பொரித்த மாவு. வாயைச் சுருக்கிக் கட்டிய பை போன்ற வடிவம். கையில் எடுத்ததும், அந்த மடிப்புகளின்மேல் என் மனைவியின் விரல்களைக் கண்டேன். "இப்படித்தான் கிண்ணம்போல் செய்து, பூரணம் வைத்து, மேலே குவித்து முடிப்பாள்" என்றேன். மருமகள் குறிப்பேட்டைத் திறந்து, அந்தக் கடைசி வரியின் கீழ் அதை எழுதிக்கொண்டாள்.

அன்றிரவு டோக்கியோ திரும்பியபின், பிரசாத முள்ளங்கி சாம்பாராயிற்று. மூவரும் ஒன்றாக அமர்ந்து உண்டோம்.

வெளியூர்களில் வாழும் நம் குடும்பத்து ஆடவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: வரும் சதுர்த்தியன்று சிறிது நேரம் அடுக்களைக்குள் சென்று நில்லுங்கள். காட்டுவதற்கு ஆள் இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்.