முப்பதடிப் படகும் ஒரு ராத்திரித் தூக்கமும்

"அத்தான், சனி ஞாயிறு ஃப்ரீதானே? ஏரிக்குப் போறோம். ஸ்வெட்டர் எடுத்துக்குங்க" என்றான் மச்சினன்.

ஜூலை மாசம். ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் மினியாப்பொலிஸ் போயிருந்தேன். ஏரிக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்த பெரிய ஏரி மதுராந்தகம். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து, 'பரவாயில்லையே, இந்த வருஷம் தண்ணி இருக்கே' என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப் போகிற ஏரி.

நாலு மணி நேரம் காரை ஓட்டி, விஸ்கான்சின் மாநிலத்தின் வடகோடியில் பேஃபீல்ட் என்ற ஊரில் கொண்டு இறக்கினான். மொத்த ஜனத்தொகை அறுநூறுக்கும் குறைவு. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் லாரி வந்தால் இதைவிடக் கூட்டம் கூடும். தெரு சரிந்து போய் முடிகிற இடத்தில் அந்த 'ஏரி' கிடந்தது.

லேக் சுப்பீரியர். பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டில் பாதிக்கு மேல்! ஆழமான இடத்தில் 406 மீட்டர். நம் மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தை ஆறேழு தடவை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி இறக்கினாலும் மொட்டைமாடி வெளியே தெரியாது. 1975 நவம்பரில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற 222 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல் இதில்தான் புயலில் மூழ்கியது. இருந்த 29 பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை.

"இதுலயா நீ பாய்மரப் படகு விடப் போறே?"

"அது நவம்பர்ல அத்தான். நாம ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும்தான். அதுவும் தீவுங்களுக்கு நடுவுல."

தீவுகள் என்றால் அப்போஸல் தீவுகள். மொத்தம் 22. காட்டோடும் கலங்கரை விளக்கத்தோடும் கரையைச் சுற்றிச் சிதறிக் கிடக்கின்றன. சனிக்கிழமை காலையில் பாயை விரித்தால் மத்தியானம் ஒரு தீவு, ராத்திரி ஒரு தீவு. நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் படகிலேயே சமைத்து, படகிலேயே தூங்கி, ஞாயிறு சாயங்காலம் திரும்பி, திங்கள் காலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடலாம். மச்சினனின் ஆறு வருஷக் கனவு. ஆறு வருஷ சேமிப்பும்கூட. 20,000 டாலர்.

அவன் மனைவி மட்டும் வாயைத் திறக்கவில்லை. போன கோடையில் ஒரு நண்பரின் இருபத்திரண்டு அடிப் படகில் இரண்டு பேரும் போயிருக்கிறார்கள். திடீரென்று காற்று எழும்பி, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூன்று மணி நேரம் அந்தப் பெண் வாந்தி எடுத்தபடியே கம்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். இப்போது ஒரே நிபந்தனை போட்டிருந்தாள்.

"படகுல நான் நிம்மதியாத் தூங்கணும் அண்ணா. தூங்கினா வாங்கட்டும். இல்லேன்னா அந்தப் பணம் வீட்டுக் கடனுக்கு."

இதைவிடத் தெளிவான டெண்டர் நோட்டீஸை நான் எங்கள் ஆபீஸில் பார்த்ததில்லை.

படகு வாங்குவது எப்படி என்று மச்சினன் வழியெல்லாம் பாடம் எடுத்திருந்தான். இருபத்தைந்து அடிக்குக் கீழே போனால் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. முப்பத்தாறுக்கு மேலே போனால் நிறுத்துகிற வாடகை, பாய், கயிறு எல்லாமே அடிக்கு அடி எகிறும். இரண்டு பேரால் சமாளிப்பதும் சிரமம். ஆகவே முப்பது அடி. அதிலும் தனியாக ஆர்டர் கொடுத்துச் செய்த படகு வேண்டாம், ஒரே அச்சில் வார்த்து ஆயிரக்கணக்கில் விற்ற ஃபைபர் கிளாஸ் படகுதான் வேண்டும். நம் ஊரில் பஜாஜ் சேட்டக் வாங்கின லாஜிக்தான். எந்த மூலையில் நின்றாலும் உதிரிபாகம் கிடைக்கும், சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள்.

அந்த வகையில் காட்டலினா 30. கலிஃபோர்னியாவின் ஃபிராங்க் பட்லர் உருவாக்கியது. 1970களின் நடுவில் ஆரம்பித்து 2008 வரை ஆறாயிரத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். எடை நாலரை டன்னுக்குக் கொஞ்சம் மேல். ஏரி அலை கடல் அலை மாதிரி நீளமாக வராது; குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து வந்து மொத்தும். அதற்குக் கொஞ்சம் சதைப்பிடிப்புள்ள படகுதான் சரி. விளம்பரத்தில் ஏழு பேர் வரை தூங்கலாம் என்று போடுவார்கள். அது நம் ஷேர் ஆட்டோ கணக்கு. மனுஷர்கள் என்றால் நாலு பேர்.

இன்னொரு விஷயம். இந்த ஏரிப் படகுகளுக்கு மார்க்கெட்டில் தனி மரியாதை. உப்பு கிடையாது, ஆகவே இரும்பும் எஞ்சினும் அரிக்காது. அக்டோபர் வந்தால் தூக்கிக் கரையில் வைத்துவிடுவார்கள், மே மாதம்தான் மறுபடி இறக்குவார்கள். நாற்பது வயசுப் படகு என்றால் பாதி சர்வீஸுக்கு மேல் தூங்கியே கழித்திருக்கும். நம்மிலும் சிலர் இல்லையா, அது மாதிரி.

இவ்வளவு தெரிந்த மச்சினன் என்ன செய்தான் தெரியுமா? முந்தின வாரம் வேறொரு படகின் மேல் காதல் கொண்டுவிட்டான். கம்பெனி பேர் வேண்டாம். கருநீலப் பெயிண்ட், தேக்கு வேலைப்பாடு, உள்ளே தோல் மெத்தை. விலை 19,500. நல்ல வேளை, பணம் கொடுப்பதற்கு முன்னால் சர்வேயரைக் கூப்பிட்டிருந்தான்.

அந்த ஊர் சர்வேயர் படகைப் பரிசோதிக்கும் ஆசாமி. கையில் ஒரு பிளாஸ்டிக் சுத்தியல். டெக் முழுக்கத் தவழ்ந்து, சந்தையில் பலாப்பழம் தட்டுகிற மாதிரி தட்டிக்கொண்டே போனாராம். டக், டக், டக்... பாய்மரத்துக்குப் பக்கத்தில் வந்ததும், 'தொப்'. இன்னொரு தொப். அப்புறம் எல்லாமே தொப்!

டெக் என்பது சாண்ட்விச். மேலேயும் கீழேயும் ஃபைபர் கிளாஸ், நடுவில் பால்சா மரமோ பிளைவுட்டோ. எங்கேயாவது ஒரு ஸ்க்ரூ துளை வழியே தண்ணீர் இறங்கிவிட்டால் மரம் ஊறும். குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரியும், வசந்தத்தில் இளகும், மறுபடி உறையும். இருபது குளிர்காலம் இப்படிப் போனால் உள்ளே ஊறின அவல்தான் மிச்சம். மேலே பெயிண்ட் மட்டும் ஜோர். ரிப்பேர் செலவு படகு விலையையே தொடும் என்றார் சர்வேயர். விற்றவர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. மச்சினனுக்கு சர்வே ஃபீஸ் 650 டாலர் போயிற்று. என்னைக் கேட்டால் அவன் செலவழித்ததிலேயே உருப்படியான 650 அதுதான்.

அதற்கப்புறம்தான் புத்தி வந்து, வாங்கும் முன் ஒரு ராத்திரி அதே முப்பதடி ரகத்தை வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது என்று முடிவு. அந்த ராத்திரிக்குத்தான் என்னையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

ஸ்டாக்டன் என்ற தீவின் தென்புறம், பிரெஸ்க் ஐல் விரிகுடாவில் நங்கூரம் போட்டோம். தீவில் கரடிகள் உண்டு. "படகுல இருந்தா பயமில்லை அத்தான்" என்றான். "கரடிக்கு நீச்சல் தெரியாதா?" என்றேன். "நீந்தித்தானே தீவுக்குத் தீவு போகுது!" இதைச் சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லியிருக்கலாம்.

ராத்திரி இரண்டு மணிக்குக் காற்று தெற்கே திரும்பியது. அந்தப் பக்கம் விரிகுடா திறந்த வாய். படகு தொட்டில் மாதிரி ஆரம்பித்து, ராட்டினம் மாதிரி ஆகிவிட்டது. சமையல் மேடையில் தட்டுகள் தாளம் போட்டன. எனக்குக் குலதெய்வம் ஞாபகம் வந்தது.

மேலே ஏறிப் பார்த்தால், மச்சினன் மூக்கு முனையில் குப்புறப் படுத்து நங்கூரக் கயிற்றை இழுக்கிறான். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார்? அந்தப் பெண்! டீசல் எஞ்சின் டுக்டுக் என்று ஓட, அவன் கையைக் காட்டின பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். என் பங்குக்கு டார்ச் பிடித்தேன். வெளிச்சம் முழுக்க அவள் கண்ணிலேயே அடித்திருக்கிறேன்.

"அதை அணைச்சுடுங்க அண்ணா, ஒண்ணும் தெரியலை."

முனையைச் சுற்றிக்கொண்டு தீவின் கிழக்குப் பக்கம் போய் மறுபடி நங்கூரம் போட்டபோது மணி மூன்றரை. அங்கே தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்தது. "பயமா இல்லையாம்மா?" என்றேன்.

"போன வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இப்ப வேலை இருந்துச்சு."

ஆனால் நிபந்தனை நிபந்தனைதான். அவள் கண்ணை மூடவே இல்லை. ஞாயிறு காலை கரைக்குத் திரும்பும்போது மச்சினன் முகத்தில் வீட்டுக் கடன் எழுதியிருந்தது.

பத்து மணிக்கு ஏற்கெனவே பேசி வைத்திருந்த கடைசிப் படகு. காட்டலினா 30, 1984 மாடல். கேட்ட விலை 16,000. பார்க்க லட்சணமாக இல்லை. வெள்ளையாக இருந்து பழுப்பாகிப்போன டெக். உள்ளே காவியும் காப்பியும் கலந்த கட்டம் போட்ட மெத்தை உறை. அந்தக் காலத்து சலூன் ஞாபகம் வந்தது. விற்பவர்கள் எழுபது தாண்டின தம்பதி. பெரியவருக்கு முட்டி வலி, ஏற இறங்க முடியவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். எந்த வருஷம் எண்ணெய் மாற்றினார், எப்போது எந்தத் துளைக்கு மறுபடி பசை வைத்து அடைத்தார் என்று எல்லாம் மணிமணியான கையெழுத்தில். அதைப் பார்த்த மாத்திரத்தில் நானாக இருந்தால் செக் எழுதியிருப்பேன்.

சர்வேயர் அடியில் படுத்து, கீல் படகோடு சேருகிற இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். இந்த ரகத்தில் பழைய படகுகளுக்கு அங்கே முன்பக்கம் வளைவாக ஒரு கீறல் விழுவதுண்டு. 'காட்டலினா புன்னகை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இந்தப் படகு சிரிக்கவில்லை. கீல் ஐந்தேகால் அடி ஆழம். ஆழம் குறைந்த கீலும் கிடைக்குமாம்; ஆனால் இந்த ஏரியில் ஆழத்துக்கா பஞ்சம்? ஆழக் கீல்தான் எதிர்க்காற்றில் நன்றாகப் போகும். அடித்தட்டுப் பலகையைத் தூக்கிக் கையை விட்டார். புழுதிதான் வந்தது. பாய் மட்டும் ரொம்பப் பழசு, அதற்கு ஆயிரம் குறைக்கலாம் என்று மச்சினன் காதில் சொன்னார். அப்புறம் சுத்தியலை எடுத்துக்கொண்டு டெக்குக்குப் போனார்.

டக், டக், டக். மூக்கிலிருந்து வால் வரை டக்.

"அவ எங்கே?" என்றான் மச்சினன் திடீரென்று.

குனிந்து கேபினுக்குள் எட்டிப் பார்த்தோம். அந்தக் காவி மெத்தையில், செருப்பைக்கூடக் கழற்றாமல், கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு ஆழ்ந்த தூக்கம். தலைக்கு நேர் மேலே சுத்தியல் தட்டிக்கொண்டிருந்தது.

மச்சினன் படியில் கால் வைத்தான். பெரியவரின் மனைவி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். பிறகு டெக்கைப் பார்த்துத் திரும்பி, சர்வேயரிடம் கொஞ்சம் மெதுவாகத் தட்டச் சொன்னார்.