பொங்கக்கிழமை

திங்கள்

வெள்ளிக்கிழமை வராத ஒன்றாம் வகுப்புப் பெண்ணிடம் காரணம் கேட்டேன். "எங்க ஆடு குட்டி போட்டுச்சு டீச்சர். அதுக்கு என்னைய விட்டா யாரத் தெரியும்?" வருகைப் பதிவேட்டில் இதை எழுத இடமில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

செவ்வாய்

ஆய்த எழுத்து நடத்தினேன். பலகையில் மூன்று புள்ளி வைத்ததுமே முன்வரிசைப் பையன், "பானை எங்க டீச்சர்?" என்றான். அவன் வீட்டு வாசலில் மூன்று கல் கூட்டித்தான் வெந்நீர் போடுவார்கள். பானையையும் வரைந்தேன். இனி அந்த எழுத்து அவனுக்கு மறக்காது.

மதியம் ஒரு சண்டை. ஞாயிறு பௌர்ணமி. கோயிலிலிருந்து நடந்து வந்தவள், நிலா தன்கூடவே வீடு வரை வந்தது என்கிறாள். பஸ்ஸில் வந்தவன், இல்லை, என்கூடத்தான் வந்தது என்கிறான். 1920களில் உளவியலாளர் பியாஜே பேசிப் பார்த்த ஜெனீவாப் பிள்ளைகளும் இதையேதான் சொன்னார்கள்.

புதன்

"இன்னைக்கு என்ன கிழமை?"

"பொங்கக்கிழமை!"

வகுப்பே கத்தியது. காலை உணவில் புதன் என்றால் பொங்கல். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் பள்ளிக் காலை உணவுத் திட்டம் தொடங்குவதற்கு முன், வெறும் வயிற்றோடு வந்து சுருண்டு உட்கார்ந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். இன்றைய பிள்ளைகள் கிழமையைச் சோற்றால் எண்ணுகிறார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

ஆசிரியர் அறையில் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். அங்கே சிரிக்கலாம். பிள்ளையின் முகத்துக்கு நேரே சிரித்தால் அது மறுமுறை வாய் திறக்காது. ருஷ்ய எழுத்தாளர் சுக்கோவ்ஸ்கி சின்னப் பிள்ளைகளின் பேச்சைப் பல்லாண்டு சேகரித்து 'இரண்டிலிருந்து ஐந்து வரை' என்று புத்தகமாக்கினார். அவருக்கு அது வேடிக்கைத் துணுக்கு அல்ல, பிள்ளைகளின் யோசனைக்குச் சாட்சி. நம் வகுப்பறைகளிலும் தினமும் இவ்வளவு கொட்டுகிறது. யாராவது எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெள்ளி

பௌர்ணமி கழிந்து சில நாட்களுக்குக் காலையிலும் மேற்கே நிலா தெரியும். வணக்கக் கூட்டம் முடிந்ததும் சண்டைக்காரர்களை மைதானத்தில் நிறுத்தி, ஒருத்தியை வடக்கேயும் ஒருவனைத் தெற்கேயும் நடக்கவிட்டேன்.

"என்கூட வருது!" இரண்டு பக்கமிருந்தும் சத்தம்.

மறுபடி நடக்கச் சொல்லி, பக்கத்துக் கொடிக்கம்பத்தையும் தூரத்துப் பனைமரத்தையும் பார்க்கச் சொன்னேன். கம்பம் சட்டென்று பின்னால் போய்விட்டது. பனை மெதுவாகத்தான் போனது. எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு மெதுவாக நகர்வதுபோல் தெரியும், நிலா ரொம்ப ரொம்பத் தள்ளி இருக்கிறது என்றேன்.

அவள் பனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப பனைமரமும் கொஞ்ச தூரம் கூட வருது டீச்சர்."