பிரியேனேயின் பெயர்ச்சுவர்

துருக்கியின் மேற்குக் கரையோரம், மைக்காலே மலையின் தென்சரிவில் கிடக்கிறது பிரியேனே என்னும் கிரேக்க நகரம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அதை இந்த இடத்தில் நிறுவியது காரியாவின் மௌசோலஸா, ஏதென்ஸா, அலெக்சாந்தரா என்ற வழக்கை அறிஞர்கள் இன்னும் முடித்தபாடில்லை. அந்த வழக்கைவிடச் சுவையானது, சரிவின் அடியில் ஓட்டப்பந்தயத் திடலை ஒட்டியிருக்கும் கீழ் ஜிம்னேசியம், அதாவது இளைஞர்களின் பயிற்சிக்கூடம்.

கிரேக்கக் குடிமகனின் மகன் ஏறத்தாழ 18 வயதில் ‘எஃபீபன்’ ஆனான். ஏதென்ஸில் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது ஈராண்டுப் பயிற்சி. வில், எறியீட்டி, கவண்பொறி ஆகியவற்றில் பழக்கம். முதலாண்டு பிரேயஸ் துறைமுகத்தில் காவல், அடுத்த ஆண்டு எல்லையில் ரோந்து. நாளொன்றுக்கு 4 ஓபல் படிக்காசு. பிற நகரங்களும் தத்தம் வசதிக்கேற்ப இதை நடத்தின. பிற்காலத்தில் போர்ப்பயிற்சி வெறும் சடங்காகிவிட்டது என்ற பழைய கருத்தைப் பிரியேனேயின் கல்வெட்டு ஒன்று தடுமாற வைக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் ஜிம்னேசியத் தலைவராக இருந்த ஸோசிமோஸ் என்பவர் எஃபீபர்களுக்குக் குத்துப்பை, வளையம், பந்து ஆகியவற்றோடு ஆயுதங்களும் வாங்கித் தந்தார். சம்பளம் பேசி இலக்கண ஆசிரியர் ஒருவரையும் அமர்த்தினார். அதற்காகவே நகரம் அவரைப் பாராட்டிக் கல்லில் பொறித்தது.

கீழ் ஜிம்னேசியம் கி.மு. 2ஆம் நூற்றாண்டுக் கட்டடம். தூண்வரிசை சூழ்ந்த சதுர முற்றம். அதன் வடக்கே, ஒரு மூலையில் குளிப்பறை: சிங்கமுகத் தூம்புகளிலிருந்து பளிங்குத் தொட்டிகளில் தண்ணீர் கொட்டியது. வடபக்கத்தின் நடுவில் எஃபீபர்களின் பாடக்கூடம். அதன் சுவரில்தான் அவர்கள் செதுக்கிய பெயர்கள்: ‘இன்னாரின் இடம்’, சிலவற்றில் தந்தை பெயரும் சேர்த்து, 700க்கு மேல். இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் அந்த அறையில் இடமிருந்திருக்காது. தலைமுறை தலைமுறையாக வந்தவர்கள், கிடைத்த இடுக்கிலெல்லாம் தங்கள் உரிமையைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாராட்டுக் கல்வெட்டுகள் ஒழுக்கத்தையும் கொடைத்தன்மையையும் பேசுகின்றன. பயிற்சி பெற்ற பையன்கள் தாங்களே எழுதியது இந்தச் சுவரில்தான். அடிமைகளுக்கும் பெண்களுக்கும் இதில் இடமில்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

1895 முதல் 1899 வரை அகழ்வாய்வாளர்கள் ஹூமனும் வீகாண்டும் நகரத்தைத் தோண்டி வெளிக்கொணர்ந்தார்கள். மேலே அதீனா கோயிலின் ஐந்து தூண்கள் 1960களில் நிமிர்த்தப்பட்டன. படம் எடுப்போருக்கு அதுவே போதும். கோயிலில் அலெக்சாந்தர் பெயர் பொறித்த கல் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. பெயர்ச்சுவரோ கூரையின்றி வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. மன்னனின் ஒரு பெயருக்குக் கிடைத்த பாதுகாப்பில் பாதியாவது 700 பையன்களுக்குக் கிடைத்திருக்கலாம். 1906இல் ஹில்லர் ஃபான் கேர்ட்ரிங்கன் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியில் பெயர்கள் அச்சேறிவிட்டன என்பது உண்மை. ஆனால் யார் ஆழமாக வெட்டினான், யார் அவசரமாகக் கீறினான், யார் யாரை நெருக்கி எழுதினான் என்பதெல்லாம் கல்லில் மட்டுமே தெரியும். பளிங்கு தேயத் தேய அதுவும் போய்விடும்.