மஞ்சள் துணிக் கட்டு

திண்டுக்கல் என்றால் பூட்டு. பூட்டுக்கு அடுத்தபடி புகையிலை, சிறுமலை வாழைப்பழம், பிரியாணி. ஊருக்குப் பெயர் தந்த பாறையும் அதன்மேல் மதுரை நாயக்கர்கள் கட்டிய கோட்டையும் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோதான் நினைவுக்கு வருகின்றன. சுமார் 270 வருஷங்களுக்கு முன் சர்க்கார் பணத்தில் யுத்த ஆராய்ச்சி நடந்த ஊர் இது என்று சொன்னால், உள்ளூர்க்காரர்களே கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

1755-ல் மைசூர் சர்க்கார் ஹைதர் அலியைத் திண்டுக்கல்லுக்குப் பவுஜ்தாராக அனுப்பியது. சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களை அடக்கி வரி வாங்குவது அவர் வேலை. அவர் அதோடு நிற்கவில்லை. திருச்சி, ஸ்ரீரங்கம், புதுச்சேரி ஆகிய இடங்களிலிருந்து கைதேர்ந்த தொழிலாளிகளை வரவழைத்தார். பிரெஞ்சுக்காரர்களை அவர்களுக்கு மேலே வைத்தார். பீரங்கிப் படையும், ஆயுதசாலையும், வெடிமருந்துச் சோதனைச் சாலையும் ஏற்படுத்தினார். வெடிமருந்து அவருக்குக் குடும்ப விவகாரம். அவருடைய தந்தை ஆற்காட்டு நவாபின் படையில் மூங்கில் வாணக்காரர்களுக்குத் தலைவராக இருந்தவர். செலவு மட்டும் இந்தச் சமவெளியில் ஏற்றம் இறைத்தவனுடையது.

சென்ற மார்கழியில் தணிக்கை இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரோடு கோட்டைக்கு ஏறினேன். பீரங்கி மேடையைக் காட்டி ஹைதர் கதையைச் சொன்னேன். மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டே, "இதற்கெல்லாம் வவுச்சர் இருந்ததா, ஸார்?" என்றார்.

"இருந்தது. மஞ்சள் துணி சுற்றியிருந்தது" என்றேன்.

மார்க் வில்க்ஸ் எழுதிய மைசூர் சரித்திரத்தில் அந்த விஷயம் வருகிறது. பாளையக்காரர்களோடு நடந்த சண்டை ஒன்றில் 700 பேர் காயம்பட்டதாக ஹைதர் தலைநகருக்கு எழுதினார். காயம்பட்டவனுக்குக் குணமாகும்வரை மாதப்படி உண்டு. கணக்குப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். வாஸ்தவத்தில் காயம்பட்டவர்கள் 67 பேர்தான். மற்றவர்களுக்குக் கையிலும் காலிலும் மஞ்சள் தோய்த்த துணியைச் சுற்றி நிறுத்திவிட்டார்கள். கணக்கு சரியாக இருந்தது, பணமும் வந்தது.

நண்பர் சிரிக்கவில்லை. "கட்டை அவிழ்க்கச் சொல்ல அந்த மனுஷனுக்குத் தைரியம் வந்திராது. ராணுவக் கணக்கு அல்லவா?" என்றார்.

அந்தப் பணம் முழுவதும் வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. பிற்பாடு மைசூர்க்காரர்கள் மூங்கிலை விட்டு இரும்புக் குழலில் மருந்தைக் கெட்டித்தார்கள். இரும்பு அதிக அழுத்தம் தாங்கும். வாணம் அதிக தூரம் பாயும். 1780-ல் காஞ்சீபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் பெய்லியின் கும்பினிப் படை அந்த நெருப்பின் முன் நிலைகுலைந்தது. ஆனால் வித்தை முழுவதும் ஓர் அரசனின் பொக்கிஷத்தை நம்பியிருந்தது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. வாணங்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. அங்கே வில்லியம் காங்கிரீவ் முதலில் கைக்காசைப் போட்டுச் சோதனை செய்தார். பிறகு வூல்விச் ஆயுதசாலை அவருக்குத் திறந்தது. செய்ததைப் புத்தகமாகவும் அச்சிட்டார். காங்கிரீவின் பெயர் நின்றது. குழல் அடித்த மைசூர்க் கொல்லர்களின் பெயர் நிற்கவில்லை.

இன்று அதே நெருப்பு நம் தெற்கிலேயே வேறு விதமாக எரிகிறது. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில், விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் ராக்கெட் எஞ்சின்களை எரித்துச் சோதிக்கிறது. 1991-ல் கிரையோஜெனிக் எஞ்சினையும் அதைச் செய்யும் வித்தையையும் தர அன்றைய சோவியத் யூனியன் ஒப்பந்தம் செய்தது. ஏவுகணைக்கு உதவும் என்று அமெரிக்கா ஆட்சேபித்தது. பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி குளிரில் வைக்க வேண்டிய ஹைட்ரஜனை நிரப்பிக்கொண்டு எந்தச் சேனாபதியும் யுத்தத்துக்குக் காத்திருக்க மாட்டான். ஆனாலும் 1993-ல் ரஷ்யா பின்வாங்கியது. எஞ்சின் உண்டு, வித்தை இல்லை என்றாகிவிட்டது. நாமே செய்யப் புகுந்தோம். 2010 ஏப்ரலில் முதல் முயற்சி கடலில் விழுந்தது. 2013 ஆகஸ்டில் எரிபொருள் கசிந்து, புறப்படும் நேரத்தில் நின்றது. 2014 ஜனவரி 5-ஆம் தேதி பறந்தது. இந்த இரண்டு காயங்களையும் தேசமே பார்த்தது. துணி சுற்றி யாரும் மறைக்கவில்லை.

ராணுவமும் வானத்துக்கு வந்துவிட்டது. 2019 மார்ச் 27-ல் நம் ஏவுகணை நம்முடைய செயற்கைக்கோள் ஒன்றையே சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் அடித்து நொறுக்கிக் காட்டியது. இனி அந்த வழியில் கேட்கப்படும் பணம் ஏறுமே ஒழிய இறங்காது.

கொடுக்காதே என்று சொல்ல நான் சன்னியாசி அல்ல. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கதி எனக்கும் தெரியும். எஞ்சினின் வரைபடம் ரகசியமாகவே இருக்கட்டும். என்ன செலவாயிற்று, எத்தனை தடவை தவறியது என்பதில் என்ன ரகசியம்? வத்தலக்குண்டுச் சந்தையில் தீப்பெட்டி வாங்கும் கிழவியும் வரி கட்டுகிறாள். ராணுவக் கணக்கைப் பார்க்கவும் தணிக்கை இலாகா உண்டு. அவள் சார்பில் அங்கே போய் நிற்கிறவருக்கு, தலைகளை எண்ணுவதோடு, கட்டை அவிழ்த்துக் காட்டு என்று கேட்கும் தைரியமும் அதிகாரமும் இருக்க வேண்டும்.