ஆறு ரூபாய் அட்டை

கடைப் பலகை, துணிப்பை, மிட்டாய் டப்பா, கல்யாணப் பத்திரிகை என்று கேட்டதற்கெல்லாம் எழுத்து வரைந்து கொடுப்பது என் தொழில். வீடு மும்பை செம்பூரில். வேலை பெரும்பாலும் தாராவி, மாட்டுங்கா கடைக்காரர்களுக்கு. அவர்களுக்கு அனுப்ப எனக்கென்று ஒரு தபால் அட்டை அச்சடித்தேன். தாராவி 90 அடி சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, காசு போட்டு அடிச்சிருக்க, ஒம் போட்டோவக் காணோமே?" என்றார்.

முன்பக்கத்தில் என் போட்டோ மட்டுமல்ல, பெயரும் இல்லை. 'தாராவி' என்ற ஊர்ப்பெயர் மட்டும் அட்டையின் அகலம் முழுக்க நிற்கிறது. வேலை கேட்டுப் போகிறவன் தன்னைப் பற்றிப் பேசுவதைவிட வேலையைக் காட்டிவிடுவது நல்லது. இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. தமிழில் எழுத்து வரைபவனுக்கு இதைப்போல் தொல்லை தரும் ஊர்ப்பெயர் அதிகமில்லை. நடுவில் ஒரு கால், அடுத்து 'ர', அடுத்து மறுபடி ஒரு கால். காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாடு அடியில் சாய்ந்து இறங்கும் ஒரு சிறு கோடுதான். பல எழுத்துருக்களில் அது கண்ணுக்கே படாது. மூன்றும் ஒரே மாதிரி நிற்கும். பலகை உயரத்தில் மாட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். நான் அந்தச் சாய்வை வழக்கத்தைவிட நீட்டி, அடுத்த காலை ஒரு நூல் தள்ளி நிறுத்தினேன். தொழில் தெரிந்தவர் அதைப் பார்த்த உடனே புரிந்துகொள்வார். தெரியாதவருக்குத் தடங்கலில்லாமல் படிக்க வரும், அது போதும்.

அதே பெயர் கீழே மராத்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. இந்த ஊரில் இது அழகுக்காகச் செய்வதில்லை. கடைப் பலகையில் மராத்தி இருக்க வேண்டும், மற்ற மொழி எழுத்தைவிட அது சிறியதாக இருக்கக்கூடாது என்பது மகாராஷ்டிரச் சட்டம். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாதம் கெடு வைத்த பிறகு மும்பைக் கடைகள் அவசர அவசரமாகப் பலகை மாற்றின. இடம் பற்றாதபோது மெலிந்து ஓரத்துக்குப் போவது எப்போதும் தமிழ்தான். நம் எழுத்து படுக்கை வாட்டில் விரியும். 'ணை', 'கௌ' எல்லாம் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பாருங்கள். தேவநாகரியோ கொடியில் காயப்போட்ட துணி மாதிரி மேல்கோட்டிலிருந்து தொங்குவது. மூன்றுக்கும் கணினியில் ஒரே பாயிண்ட் அளவு கொடுத்தால் மூன்றும் மூன்று உயரத்தில் தெரியும். எண்ணை நம்பாமல் கண்ணால் அளந்துதான் சமப்படுத்த வேண்டும். என் அட்டையில் தமிழை முதலில் வைத்து, அது கேட்ட இடத்தைக் கொடுத்தபின் மற்ற இரண்டையும் அதன் உயரத்துக்குக் கொண்டுவந்தேன். மராத்தி சிறுக்கவில்லை, சட்டமும் கோபப்படாது.

பின்பக்கத்துச் சிறு எழுத்துக்கு 'முக்தா மலர்' எழுத்துரு. மும்பையின் எக் டைப் குழு உருவாக்கியது. அதே குடும்பத்தில் தேவநாகரியும் உண்டு, இலவசமும்கூட. விண்டோஸில் வரும் 'லதா'வும் இந்த நகரத்து ஆர்.கே. ஜோஷியின் பொறுப்பில் உருவானதுதான். தமிழ் எழுத்துக்கு மும்பையில் இவ்வளவு வேலை நடந்திருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

டபரா டம்ளர், கோபுரம், மல்லிகைச் சரம் எதுவும் போடவில்லை. மாட்டுங்காவில் ஒரு வாடிக்கையாளருக்கு இதில் வருத்தம். அவர் தெருவில் காபியும் பூவும் நிஜமாகவே கிடைக்கும்போது அட்டையில் எதற்கு? நிறம் இரண்டே: கருநீலம், குங்குமச் சிவப்பு. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், தனிக் கூலி.

கியூ.ஆர். கட்டமும் வேண்டாமென்று விட்டேன். கடைக்காரருக்கு அந்தக் கட்டம் என்றால் பணம் என்று அர்த்தம். முன்பின் தெரியாத ஒருவனிடமிருந்து தபாலில் வந்தால், இவன் எதற்குக் காசு கேட்கிறான் என்றுதான் நினைப்பார். அதற்குப் பதில் போன் நம்பரைப் பெரிதாகப் போட்டேன்.

நான் அதிகம் யோசித்தது முகவரிப் பக்கத்தைப் பற்றி. தபால் அட்டை கையால் எழுதினால் 50 காசு, அச்சிட்டு அனுப்பினால் 6 ரூபாய் என்பது நான் அடித்தபோது இருந்த கட்டணம். ஆறு ரூபாய் கொடுத்த அட்டை போய்ச் சேரவாவது வேண்டும். தாராவி முகவரி மூன்று வரியில் அடங்காது. அறை எண், 'சால்' எனப்படும் வரிசைக் குடியிருப்பின் பெயர், சந்து, எந்தக் கோயிலுக்கு அல்லது மசூதிக்குப் பின்னால் என்பதெல்லாம் எழுதியாக வேண்டும். ஆகவே ஐந்து கோடு போட்டேன். அதற்கடுத்து பின்கோடுக்கு ஆறு கட்டம்: தாராவிக்கு 400017, மாட்டுங்காவுக்கு 400019. அந்தப் பக்கத்துக்கு லேமினேஷன் செய்ய விடவில்லை. வழவழப்பில் பால் பாயிண்ட் பேனா ஓடாது, தபால் முத்திரை மையும் இழுவிப் போகும். பளபளப்பாக இருந்தால்தான் மதிப்பு என்று அச்சகத்தில் வாதாடினார்கள். ட்யூப்லைட்டின் கீழ் பளபளக்கும் அட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க எந்தக் கடைக்காரருக்கு நேரமிருக்கிறது?

நீங்களும் மூன்று மொழியில் ஓர் அட்டை அடிப்பதாக இருந்தால் தமிழ் வரியை முதலில் வையுங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன், அறுபது வயது தாண்டிய ஒருவர் கையில் மாதிரியைக் கொடுத்து, கண்ணாடி போடாமல் தமிழ் வரியை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் திணறினால் ஆங்கிலத்தைக் குறையுங்கள்.