ஆப்பிளும் பழைய ரொட்டியும்

(பழைய மாணவர் ஒருவர் எழுதியது)

நமது கல்லூரிச் சஞ்சிகைக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று ஆசிரியர் கேட்டனுப்பியபோது, எதனைப் பற்றி எழுதுவதென்று சில நாள் சிந்தித்தேன். இலக்கியம் குறித்தும் விஞ்ஞானம் குறித்தும் எழுத வல்லார் பலர் உளர். யான் எழுதப் புகுவதோ அடுப்பங்கரையைப் பற்றியது. ஆப்பிள் பழத்தைக் கொண்டு வீட்டிலேயே சுட்டெடுக்கும் பழங்காலப் பலகாரம் ஒன்றே என் பொருள். ஓர் ஆடவன், அதிலும் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன், இதனை எழுதுவதா என நகைப்பார் உளரேல், அவர்கள் கட்டுரையை இறுதிவரை படித்த பின்னர் நகைப்பாராக.

1986-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், மேற்படிப்பின் பொருட்டு அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் மாநிலம் போய்ச் சேர்ந்தேன். விடுதியில் தங்குவதற்கு வேண்டிய பொருள் என்னிடம் இல்லை. ஆதலின், கணவரை இழந்து தனித்து வாழ்ந்த முதிய அம்மையார் ஒருவர் இல்லத்தில் மாடியறை ஒன்றை வாடகைக்குப் பெற்றேன். அவ்வில்லத்தின் பின்புறம் சில ஆப்பிள் மரங்கள் நின்றன. அவற்றுள் பெரியது ‘ரோடு ஐலண்டு கிரீனிங்’ என்னும் பழைய வகையைச் சேர்ந்தது. பழுத்தும் பச்சை நிறம் மாறாதது. வாயிலிட்டாற் பல் கூசும் புளிப்புடையது. மரத்திலிருந்து பறித்த நல்ல பழங்களை அம்மையார் நிலவறையிற் சேமித்து வைப்பார். தாமே வீழ்ந்து அடிபட்டவற்றைக் கூடையிற் பொறுக்கிச் சமையலறைக்குக் கொணர்வார்.

யான் சென்ற முதல் வாரத்திலேயே, கண்ணாடிப் பாத்திரம் ஒன்றிற் சுட்டெடுத்த பலகாரத்தை ஆவி பறக்க என்முன் வைத்தார். மேலே பொன்னிறமாக மொறுமொறுத்தும், உள்ளே பழம் குழைந்தும், இலவங்கப்பட்டையின் மணம் வீசிக்கொண்டும் இருந்தது. “இதன் பெயர் யாது?” என வினவினேன். “பிரௌன் பெட்டி” என்றார். எலிசபெத் என்னும் பெயரைச் செல்லமாகச் சுருக்கி அந்நாட்டார் பெட்டி என்பர் என்பது அப்பொழுது எனக்குத் தெரியாது. ஊருக்கு எழுதிய கடிதத்தில், “இன்று பிரௌன் பெட்டி உண்டேன்” என்று எழுதிவிட்டேன். அதற்கு என் தாயார், “ஐயா, அந்த ஊரில் பெட்டியைத் தின்னும்படி அரிசிக்கா பஞ்சம் வந்துவிட்டது?” என்று பக்கத்து வீட்டுச் சிறுமியைக் கொண்டு எழுதுவித்தார்கள்.

அப்பலகாரத்தின் உட்கூறு, உண்மையில், பஞ்சத்தோடு தொடர்புடையதே. முந்தின நாள் மிஞ்சிய ரொட்டியை உதிர்த்து, உருக்கிய வெண்ணெயிற் பிசறி, அடிபட்ட பழத்துண்டுகளோடு அடுக்கடுக்காக இட்டுச் சுடுவதே பிரௌன் பெட்டி. எறிய வேண்டியவை இரண்டு சேர்ந்து விருந்தாகின்றன.

ஆப்பிளைச் சுட்டுண்ணும் வழக்கம் மிகப் பழையது. ஏறக்குறைய 1390-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சர்டு மன்னருடைய சமையற்காரர்கள் தொகுத்த நூலில், ஆப்பிளுடன் அத்தியும் திராட்சையும் பேரிக்காயும் குங்குமப்பூவும் கூட்டி மாவுக்கூட்டினுள் வைத்துச் சுடும் முறை காணப்படுகிறது. அது மன்னர் பந்திக்கு உரியது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அமெரிக்கா சென்று குடியேறியபோது, அம்மண்ணில் சிறு காட்டு ஆப்பிள்களே இருந்தன. உண்ணும் ஆப்பிளை அவர்களே கொண்டுசென்று வளர்த்தனர். 1796-இல் ஹார்ட்போர்டு நகரில் அமீலியா சிம்மன்ஸ் என்னும் பெண்மணி வெளியிட்ட சமையல் நூலில் ஆப்பிள் பை செய்யும் முறை இடம்பெற்றுள்ளது. நாளடைவில் எளியோர் வீடுகளில் இதன் உறவுமுறைகள் பல தோன்றின. மேலே மாவுருண்டைகளை இட்டுச் சுட்டால் காப்ளர். அடுப்பின்மேற் பானையிலேயே வேகவைத்தால் ஸ்லம்ப். ஸ்லம்ப் என்பது தொய்ந்து சரிதலைக் குறிக்கும் சொல். 1868-இல் ‘லிட்டில் விமன்’ நூலின் முதற்பகுதியை வெளியிட்ட லூயிசா மே ஆல்காட் அம்மையார், கான்கார்டில் தம் குடும்பத்தார் வாழ்ந்த பழத்தோட்ட வீட்டுக்கு ‘ஆப்பிள் ஸ்லம்ப்’ என்றே விளையாட்டாகப் பெயரிட்டிருந்தார். இங்கிலாந்திலும், 1940-இல் தொடங்கிய போர்க்காலப் பங்கீட்டின்போது, மாவை விரித்துப் போர்த்தற்கு வெண்ணெய் போதாமையால், சிறிது கொழுப்புடன் பிசறிய மாவை மேலே தூவிச் சுடும் கிரம்பிள் பெருவழக்குப் பெற்றது. குறைவு நேர்ந்த இடங்களிலெல்லாம் இப்பலகாரம் புதுவடிவு கொண்டு பிழைத்திருக்கிறது.

நிற்க. இவற்றையெல்லாம் யான் பின்னரே நூல்களிற் கற்றேன். முதலிற் கற்ற பாடம் வேறு.

1987-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் இரவு, என் தகப்பனார் இறந்துவிட்டார்கள் என்று தொலைபேசி வழியே செய்தி வந்தது. அடக்கத்திற்கு வந்து சேர வழியில்லை. பயணத்திற்குப் பணமும் இல்லை. அவர்கள் இரண்டு மாதங்களுக்கு முன் எழுதிய கடிதம் என் மேசைமீது கிடந்தது. தேர்வு முடிந்த பின் விரிவாக மறுமொழி எழுதலாம் என்று தள்ளிவைத்திருந்தேன். அன்றிரவும் மறுநாட் பகலும் அறைக்கதவைத் திறந்தேனில்லை.

மாலையில் அம்மையார் படியேறி வந்து கதவைத் தட்டினார். ஆறுதல் மொழி ஏதும் கூறினாரில்லை. “கீழே வாரும். பழங்கள் நமக்காகக் காத்திரா” என்று மட்டும் கூறினார்.

எனக்குச் சினமே உண்டாயிற்று. எனினும் மூத்தோர் சொல்லை மறுக்க மனமின்றி இறங்கிச் சென்றேன். மேசைமீது கூடை நிறையப் பழங்களும் இரண்டு கத்திகளும் இருந்தன. நம் வீட்டில் யான் காய் நறுக்கியவன் அல்லேன். அது பெண்டிர் தொழில் என்று எண்ணி வளர்ந்தவன். அம்மையாரின் கையில் தோல் நாடாப்போல் அறாமல் நீண்டு இறங்கிற்று. என் கையில் பழத்தின் பாதி தோலோடு போயிற்று. அவர் அதனை எடுத்து, மீண்டும் சீவிப் பழத்தோடு சேர்த்தார். தோலையும் நடுத்தண்டையும்கூட எறியாது, ஜெல்லி காய்ச்சுவதற்கென்று தனியே வைத்தார். ஒரு மணி நேரம் இருவரும் பேசினோமில்லை. பின்னர் அவர், “என் கணவர் இறந்ததும் ஆப்பிள் காலத்திலேதான். அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது இந்தக் கூடை இங்கே இருந்தது” என்றார். அதன் பின்னரே எனக்கு அழுகை வந்தது. அவர் கத்தியைக் கீழே வைக்காமல் அடுத்த பழத்தை எடுத்தார். அழுதுகொண்டே யானும் ஒன்றை எடுத்தேன்.

1990-இல் தாயகம் திரும்பினேன். முதல் இரண்டு ஆண்டு அம்மையாருக்குக் கடிதம் எழுதினேன். பின்னர்த் திருமணம், உத்தியோகம், பிள்ளைகள் என்று நாட்கள் ஓடின. அவரிடமிருந்து ஆண்டுதோறும் வந்த வாழ்த்து அட்டைகளுக்கு, அடுத்த விடுமுறையில் விரிவாக எழுதலாம் என்று இருந்துவிட்டேன். தகப்பனாருக்குச் செய்த பிழையையே மறுமுறையும் செய்தேன்.

2003-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் மகளிடமிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. தம் தாயார் காலமான செய்தியை எழுதி, அவர் சமையற்குறிப்புகளுள் ஒன்றை எனக்கு அனுப்பும்படி சொல்லியிருந்ததாகத் தெரிவித்திருந்தார். அது பழுப்பேறிய ஒரு சிறு அட்டை; அம்மையாரின் பாட்டியார் கைப்பட எழுதியது. “முட்டையளவு வெண்ணெய், கையளவு சர்க்கரை, கிடைத்த ரொட்டி, இருக்கின்ற பழம்” என்றிருந்தது. பாஸ்டன் நகரில் பேனி பார்மர் என்பார் 1896-இல் வெளியிட்ட நூலே, கோப்பையையும் கரண்டியையும் தலைதட்டி அளக்கும் முறையை அந்நாட்டு வீடுகளிற் பரப்பியது. அதற்கு முற்பட்ட கண்ணளவு முறையிலேயே இவ்வட்டை எழுதப்பட்டிருந்தது.

அன்றே கடைத்தெருவிற்குச் சென்று ஆப்பிள் வாங்கி வந்தேன். மகளுக்காக வாங்கிய சிறிய மின்சார ஓவன் ஒன்று வீட்டில் இருந்தது. யான் மேசையில் அமர்ந்து பழம் சீவுவதைக் கண்ட தாயார் திகைத்து நின்றார்கள். பின்னர் ஒன்றும் கேளாமல் அரிவாள்மணையை எடுத்து வந்து எதிரில் அமர்ந்து நறுக்கத் தொடங்கினார்கள். துண்டு ஒன்றை வாயிலிட்டு, “ஐயா, இதில் புளிப்பே இல்லையே. சர்க்கரையும் சேர்த்தால் திகட்டாதா?” என்றார்கள்.

அவர்கள் சொன்னது சாஸ்திர சம்மதமானது. 1904-இல் இந்தியாவுக்கு வந்து, சிம்லாவை அடுத்த கோட்கரில் குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ் என்னும் அமெரிக்கர், 1916-ஆம் ஆண்டு தம் நாட்டு ‘ரெட் டெலிஷியஸ்’ வகையை அங்கு நட்டார். இமாசலப் பிரதேசத்திலிருந்து நம் கடைகளுக்கு வரும் செந்நிற ஆப்பிள்கள் பெரும்பாலும் அவ்வழி பெருகியவை. பச்சையாக உண்பதற்கு அவை இனியவை. சுடும்போதோ புளிப்பின்மையாற் சுவை மழுங்கும். தாயார் எழுந்து சென்று, எலுமிச்சம்பழம் ஒன்றை அரிந்து துண்டுகளின்மேற் பிழிந்தார்கள். பழம் கறுக்காமலும் நின்றது. வேண்டிய புளிப்பும் ஏறிற்று.

செய்து பார்க்க விரும்புவார்க்கு அளவு கூறுகிறேன். நடுத்தரமான ஆப்பிள் ஆறு, ஒரு நாட் பழகிய ரொட்டியின் உதிரி இரண்டு கோப்பை, உருக்கிய வெண்ணெய் அரைக்கோப்பைக்குச் சிறிது குறைய, நாட்டுச் சர்க்கரை அரைக்கோப்பை, இலவங்கப்பட்டைப் பொடி ஒரு சிறு கரண்டி, எலுமிச்சம்பழம் ஒன்று. உதிரியை வெண்ணெயிற் பிசறி மூன்று பங்காக்குக. பாத்திரத்தில் ஒரு பங்கு உதிரி, அதன்மேற் பாதிப் பழம், பாதிச் சர்க்கரையும் பொடியும், மீண்டும் அவ்வாறே, மேலே எஞ்சிய உதிரி. சிறிது நீர் தெளித்து மூடி, 190 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்து, பின்னர் மூடியை நீக்கி மேற்பரப்பு சிவக்குமட்டும் சுடுக. மூடிய பொழுதில் ஆவியாற் பழம் வேகும். திறந்த பொழுதில் ரொட்டி மொறுமொறுக்கும்.

பாத்திரத்தை வெளியே எடுத்தபோது தாயார், “இதுதானா நீ அன்று தின்ற பெட்டி?” என்று நகைத்தார்கள். உண்டவாறே அந்த அம்மையாரைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். தகப்பனார் இறந்த மறுநாள் நடந்ததை அன்றுதான் முதன்முறையாக அவர்களுக்குச் சொன்னேன். பதினாறு ஆண்டுகள் அதனைச் சொல்லாமலே இருந்திருக்கிறேன். தாயார் நெடுநேரம் பேசாதிருந்தார்கள். பின்னர், “என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள். ஒரு கடிதம் எழுதியிருக்கலாமே, ஐயா” என்றார்கள். அதற்கு விடை கூற என்னால் இயலவில்லை.

அன்றிரவு அம்மையாரின் மகளுக்கு நீண்டதொரு கடிதம் எழுதினேன். தாயார் பக்கத்தில் அமர்ந்து, எலுமிச்சம்பழம் பிழிந்ததையும் மறவாமல் எழுதும்படி கூறினார்கள். அவர்களும் 2011-இல் மறைந்தார்கள்.

இப்பொழுதும் அக்டோபர் மாதந்தோறும் இப்பலகாரத்தைச் செய்து வருகிறேன். அந்த அட்டையின் அடியில் “எலுமிச்சம்பழம் ஒன்று” என்று தமிழில் என் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறேன். வெளியூரிலும் வெளிநாட்டிலும் கற்கச் செல்லும் நம் கல்லூரி இளைஞர்கள் இதனைப் படிக்கக்கூடும். அவர்களிடம் யான் வேண்டுவது ஒன்றே. உங்கள் மேசைமீது மறுமொழி எழுதாக் கடிதம் ஏதேனும் கிடக்குமாயின், விரிவாக எழுதலாம் என்று தள்ளிவையாதீர்கள். நான்கு வரியாயினும் இன்றே எழுதிவிடுங்கள். பழங்கள் நமக்காகக் காத்திரா.