நமுனுகுல மலையடியில் ஒரு சேகண்டி

இலங்கை மலையகத்தில், பட்டிப்பொளை உச்சியைத் தொட்டு, அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல என இறங்கிவரும் கொழும்பு ரயில் தெமோதரையில் வியக்க வைக்கிறது. நிலையத்தை விட்டுக் கிளம்பிய தண்டவாளம் மலையைச் சுற்றி வந்து, அதே நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. 1924இல் பதுளையை எட்டிய பாதை அது. அதற்கப்பால் ரயில் இல்லை. மார்கழிக் குளிரில் அங்கே இறங்கி, நமுனுகுல மலையடியில், பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் நண்பரின் வீட்டில் தங்கினேன்.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே பஜனைக் கோஷ்டி வந்துவிட்டது. கம்பளி போர்த்திய பிள்ளைகள், ஜால்ரா, முன்னால் ஒரு பெரியவர். அவர் கையில் கயிற்றில் தொங்கியது சேகண்டி: கனத்த வெண்கலத் தட்டு, அதைத் தட்ட ஒரு மரக்கட்டை. தமிழ்நாட்டில் கோயிலிலும் சாவு வீட்டிலும் எத்தனையோ முறை கேட்ட ஓசைதான். அங்கே தெரு இரைச்சல் அதை விழுங்கிவிடும். இங்கே ஓர் அடி விழுந்ததும் எதிர்ச் சரிவு அதைத் திருப்பிச் சொன்னது. இரண்டும் கலந்து தேயிலை மலை நெடுக இறங்கின. அது ஓயும்வரை பெரியவர் அடுத்த அடி அடிக்கவில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மூச்சு தானாக நிதானப்பட்டது.

வெண்கலத்தின் வேலை இது. கட்டை பட்டதும் தட்டு ஒரே நேரத்தில் பல விதமாக அதிர்கிறது. வீணைத் தந்தியில் அமைவதுபோல அந்த அதிர்வெண்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்ற ஒழுங்கில் அமைவதில்லை. கூரிய ஒலிகள் முதலில் அடங்க, கனத்த ஒலி நீள்கிறது. நெருங்கிய இரண்டு அதிர்வுகள் சேரும்போது ஓசை ஏறி இறங்கி அலையடிக்கிறது. சேகண்டியின் இனத்தைச் சேர்ந்த பெரிய காங்கில் (gong) இன்னொரு விந்தை: அடித்த கணத்தைவிடச் சற்றுப் பிந்தித்தான் அதன் பிரகாசமான ஒலிகள் பொங்கி எழும்.

இன்று உலகெங்கும் மனிதர்களைப் படுக்கவைத்து, காங் ஒலியில் இளைப்பாறச் செய்கிறார்கள். 2016இல் கலிபோர்னியாவிலிருந்து வெளிவந்த ஆய்வொன்றில் ஒலியெழுப்பும் உலோகக் கிண்ணங்களும் காங்கும் ஒலிக்கக் கேட்ட 62 பேரிடம் மன இறுக்கமும் கோபமும் சோர்வும் குறைந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை. நோய் தீர்ந்தது என்றும் அது சொல்லவில்லை. இளைப்பாறல் மட்டுமே கிடைத்தாலும் அது சிறிய விஷயமில்லை என்பேன். அதுவும் இந்த மலைகளில்.

காரணத்தைப் பெரியவரே சொன்னார். "அந்தக் காலத்துல விடியக்காலம் தப்பு அடிச்சா பெரட்டுக்கு ஓடணும் தம்பி. பிந்துனா பேரு விழாது. சேகண்டி அடிச்சா யாரும் ஓட வேணாம். நின்னு கேக்கலாம்."

பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்து மலைக்கு அனுப்ப, தோட்டந்தோறும் இருட்டோடு தப்பு என்னும் பறை முழங்கிய வரலாறு அது. திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் உரிய தங்கள் சொந்தத் தப்பையே, துயிலெழுப்பி வேலைக்கு விரட்டும் கருவியாகவும் தோட்டத் தமிழ் மக்கள் கேட்க வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக விடியல் ஓசை என்றாலே உடம்பு பதறிய இடத்தில், மார்கழி மட்டும் வேறோர் ஓசையைக் கொண்டுவந்தது. அதை அடித்தவர்களும் அவர்களே, யாருக்காக அடித்தார்களோ அவர்களும் அவர்களே. எந்த ஆய்வுக்கூடமும் இந்த வித்தியாசத்தை அளக்காது. ஆனால் அந்த ஓசையின் ஆற்றலில் பாதி இதில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க எல்லவுக்கு வருகிறவர்கள் படமெடுத்துக்கொண்டு அங்கிருந்தே திரும்பிவிடுகிறார்கள். மார்கழியில் வந்தால் பதுளை வரை வாருங்கள். தோட்டத்தில் தெரிந்தவர் யாரிடமாவது சொல்லிவைத்து, கம்பளியோடு விடியலுக்கு முன் எழுந்து, கோஷ்டிக்குப் பின்னால் அடுத்த லயம் வரையாவது நடந்துபாருங்கள்.